வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள்

"சார், தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், வாங்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். விளம்பரத்தைக் கூட்டலாமா, டிசைனை மாற்றலாமா?" என்னைத் தேடி வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். சிறு தொழில்களின் இணையதளங்களில் விற்பனைப் பக்கங்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இரண்டு கேள்விக்கும் என் பதில் "இப்போதைக்கு வேண்டாம்" என்பதுதான். விளம்பரத்தைக் கூட்டினால் வாங்காமல் திரும்புகிறவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து கூடும். டிசைனை அடியோடு மாற்றினால், எது நன்றாக இருந்தது, எது கெட்டுக் கிடந்தது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விடும்.

வருகிறவர்களில் பலர் வாங்க வந்தவர்களே அல்லர். அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. மிச்சமிருக்கும் சிலர் பாதி மனதோடாவது வாங்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. நடுவில் ஏதோ ஒரு சந்தேகமோ முட்டுக்கட்டையோ குறுக்கே வந்து அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்ய பல நேரம் அரை நாள்கூட ஆகாது.

முதலில் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்தாக வேண்டும். கணக்கு எழுதும் மென்பொருள் விற்ற ஒருவர், நூறு பேர் வந்தால் ஒருவர்கூட வாங்குவதில்லை என்று புலம்பினார். எந்தப் பக்கத்தின் வழியாக உள்ளே வருகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தோம். என்றோ அவர் எழுதிப் போட்ட ஒரு கட்டுரை, எக்செல்லில் சதவீதம் கணக்கிடுவது எப்படி என்பது, தேடுபொறியில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தளத்துக்கு வந்த கூட்டத்தில் பெரும்பங்கு அதைப் படித்துவிட்டுப் போகும் மாணவர்கள். அவர்களைக் கழித்துவிட்டு, விலைப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விற்பனை ஒன்றும் மோசமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது புது டிசைன் அன்று. விலைப் பக்கத்துக்கு வரக்கூடிய ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர்.

ஆகவே மொத்த விற்பனையை மொத்த வருகையால் வகுத்து வரும் ஒற்றை எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. "என் தொழிலில் எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது?" என்றும் கேட்பார்கள். ஒரு பேனா விற்கிறவரும் ஓராண்டுப் பயிற்சி விற்கிறவரும் ஒரே அளவுகோலில் நிற்க முடியாது. சென்ற மாதத்து நீங்களும் இந்த மாதத்து நீங்களும்தான் ஒப்பிடத் தக்கவர்கள். அதையும் எங்கிருந்து வந்தார்கள், கைபேசியா கணினியா, முதல் வருகையா மறு வருகையா என்று பிரித்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும். கணினியில் நன்றாக விற்று, கைபேசியில் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் விலையிலோ பொருளிலோ குறை இருக்க வாய்ப்பில்லை. கைபேசித் திரையில் ஏதோ உடைந்திருக்கிறது.

எங்கே உடைந்திருக்கிறது என்பதை எண்கள் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வந்தவர் எங்கே தொட்டார், எவ்வளவு தூரம் கீழே நகர்த்தினார், எங்கே தயங்கினார் என்பதையெல்லாம் காட்சியாகப் பதிவுசெய்து காட்டும் கருவிகள் உண்டு. மைக்ரோசாப்ட் கிளாரிட்டி 2020 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. இப்படிப் பதிவு செய்கிறோம் என்பதைத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையில் சொல்லிவிட வேண்டும். படிவத்தில் தட்டும் எழுத்துகளை அது மறைத்து வெறும் புள்ளிகளாகத்தான் காட்டும். அதுவும் நல்லதற்கே.

அப்படி ஒரு பதிவு இன்னும் என் நினைவில் இருக்கிறது. பரிசுப் பொருள்கள் விற்கும் தளம். ஒருவர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதிகம் யோசிக்காமல் ஆர்டர் படிவத்துக்கு வந்துவிட்டார். முதல் பெயர் கட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. அடுத்து குடும்பப் பெயர். அதில் ஒரே ஒரு புள்ளி. கீழே போய் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினார். திரை மேலே தாவியது. குடும்பப் பெயர் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. ஒரு புள்ளியை அழித்துவிட்டு இரண்டு புள்ளி வைத்தார். பொத்தான். மறுபடி சிவப்பு. சற்று நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்திப் பார்த்தார். மறுபடி சிவப்பு. அதோடு போய்விட்டார்.

நானே அந்தப் படிவத்தில் என் இனிஷியலைப் போட்டுப் பார்த்தேன். "குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை" என்று ஒரு முறை. இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் "எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்" என்று இன்னொரு முறை. ஒற்றைப் பெயரும் ஓர் இனிஷியலுமாக வாழ்கிறவர்கள் இந்த உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தெரியவில்லை. பொருளை அனுப்புவதற்குக் குடும்பப் பெயர் எதற்கு என்று உரிமையாளரிடம் கேட்டேன். "படிவத்தோடு வந்தது சார்" என்றார். இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு "பெயர்" என்று ஒரே கட்டம் வைத்தோம்.

படிவம் என்பது இந்தத் தொழிலில் அள்ள அள்ளக் குறையாத சுரங்கம். தொலைபேசி எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டால் ஏற்காத படிவம், நாட்டுக் குறியீட்டோடு போட்டால் ஏற்காத படிவம், ஓரிடத்தில் பிழை என்றால் மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்லும் படிவம் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஐபோனின் சஃபாரி உலாவியில் 16 பிக்சலுக்குக் குறைவான எழுத்தளவு உள்ள கட்டத்தைத் தொட்டால் திரை தானாகப் பெரிதாகிவிடும்; வாங்குகிறவர் அதைத் திரும்பச் சுருக்கி, விட்ட இடத்தைத் தேட வேண்டும். எண்கள் மட்டும் கேட்கும் கட்டத்துக்கு எண் விசைப்பலகை வர வேண்டும். பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் உலாவி ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதிலிருந்து தானாக நிரம்ப வேண்டும். இரண்டுக்குமே நிரலில் கட்டத்துக்கு ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்தச் சொல்லைச் சேர்க்காமல் விட்ட தளங்கள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

கணக்குத் தொடங்கச் சொல்லி வற்புறுத்துவது அடுத்தது. இதில் ஒரு பழைய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஜேரட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2009-ல் எழுதியது. ஒரு பெரிய இணைய அங்காடியில், பணம் கட்டுவதற்கு முன் "பதிவு செய்க" என்ற பொத்தான் குறுக்கே நின்றது. புதிதாக வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களில் பலருக்கோ எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்பது மறந்துபோயிருந்தது. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு "தொடர்க" என்று மாற்றி, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம் என்பது அவர் சொன்ன கணக்கு. அந்த அளவு பணம் எல்லோருக்கும் வராது. ஆனால், பெயர் முகவரி கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் கடைக்கு யார் போவார்கள்? கணக்கு வேண்டுமென்றால் பணம் கட்டி முடித்த பிறகு கேளுங்கள். அப்போது கையில் இருப்பது கடவுச்சொல் என்ற ஒரே கேள்விதான். மற்ற எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டன.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும் என்பவை கூகுள் வகுத்திருக்கும் வரம்புகள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை: பக்கம் குதிப்பது. "வாங்கு" பொத்தானை நோக்கி விரல் இறங்கும் நேரத்தில் மேலே ஒரு தாமதமான படம் வந்து விழுகிறது. எல்லாம் கீழே தள்ளப்படுகிறது. விரல் வேறு எதையோ தொட்டுவிடுகிறது. படங்களுக்கு முன்கூட்டியே அகலமும் உயரமும் குறித்து இடம் ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். உரிமையாளர்களுக்கு இது தெரியாததற்குக் காரணம் எளிது. அவர்கள் தங்கள் தளத்தைப் புதுக் கைபேசியில், அலுவலக வைஃபையில், முன்பே நூறு முறை திறந்த நிலையில் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய கைபேசியை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் பொருளை நீங்களே பணம் கட்டி வாங்கிப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் செய்வதில்லை. செய்தவர்கள் என்னை அழைத்துத் திட்டாத குறையாகத் தங்கள் தளத்தைத் திட்டுகிறார்கள்.

இனி, முட்டுக்கட்டை எதுவும் இல்லாமலே திரும்பிப் போகிறவர்கள். படிவம் வரை வரவே இல்லை; பக்கத்தைப் பார்த்தார்கள், மேலும் கீழும் நகர்த்தினார்கள், போய்விட்டார்கள். இவர்களிடம் இருப்பது பதில் கிடைக்காத கேள்வி. அந்தக் கேள்வி என்னவென்று நம் ஊகத்தில் கண்டுபிடிக்க முடியாது. பொருளை உருவாக்கியவருக்கு அது இன்னும் கடினம். அவருக்கு எல்லாப் பதிலும் தெரியும், ஆகவே கேள்வியே தோன்றாது.

ஓவியம் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணியின் தளத்தில் வேலை செய்தேன். பக்கத்தின் தலைப்பில் "உங்களுக்குள் இருக்கும் படைப்பாற்றலை வெளிக்கொணருங்கள்" என்றிருந்தது. அதற்குக் கீழே உலகத் தரம், தனித்துவம், முழுமையான அனுபவம் என்று நான்கு பத்திகள். அவரிடம் எதையும் விவாதிக்கவில்லை. "மேடம், சேருவதற்கு முன் ஆட்கள் உங்களுக்கு எழுதிக் கேட்ட மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் எனக்கு அனுப்புங்கள்" என்றேன். வந்து குவிந்தவற்றை ஒரே மூச்சில் படித்தேன். நேரலை வகுப்பா, பதிவு செய்த வீடியோவா? ஒரு வகுப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும்? பென்சில் பிடித்து இருபது வருடம் ஆயிற்று, நான் சேரலாமா? என்னென்ன பொருள்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? என் படத்தை மற்றவர்கள் பார்ப்பார்களா?

கடைசிக் கேள்வி பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பெரியவர்கள் ஓவியம் கற்கத் தயங்குவது திறமை இல்லையே என்பதைவிட, மற்றவர் முன்னால் அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற கூச்சத்தால்தான் என்பதை அந்த அம்மாவே அப்போதுதான் கவனித்தார். பக்கத்தைத் திருப்பி எழுதினோம். முதல் திரையிலேயே: இது வாரம் ஒரு நேரலை வகுப்பு, தவறினால் பதிவைப் பார்க்கலாம், உங்கள் படத்தை ஆசிரியர் மட்டுமே பார்ப்பார். "படைப்பாற்றல்" காணாமல் போனது. அடுத்த வகுப்புக்குச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். அதைவிட அவருக்கு மகிழ்ச்சி தந்தது, மாலை முழுவதும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேலை நின்றுபோனது.

கேள்விகளைப் பிடிக்க நான் நம்பும் இன்னொரு வழி, அண்மையில் வாங்கியவர்களோடு பேசுவது. வாங்காதவர்களைப் பிடித்துக் கேட்பது கடினம். பிடித்தாலும் "விலை அதிகம்" என்று மரியாதைக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாங்கியவருக்கு அந்தத் தயக்கம் நினைவில் பசுமையாக இருக்கும், சொல்லவும் கூச்சமில்லை. "ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் புகழ்ச்சிதான் கிடைக்கும். "வாங்குவதற்குச் சற்று முன்பு உங்களைத் தயங்க வைத்தது எது?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்று: "இந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது." திறந்து பார்த்தால், தளத்தின் அடியில் பழைய ஆண்டு, செய்திகள் பகுதியில் கடைசிப் பதிவு என்றோ போட்டது. தொலைபேசி எண் எங்கும் இல்லை. செய்திகள் பகுதியையே எடுத்துவிட்டோம், ஆண்டைத் தானாக மாறும்படி செய்தோம், எண்ணையும் அழைக்கக்கூடிய நேரத்தையும் மேலே போட்டோம். யாரும் பெரிதாக அழைக்கவில்லை. எண் இருக்கிறது என்பதே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

வாடிக்கையாளர் கருத்துகளிலும் இதே கதைதான். "மிக அருமை, நன்றி" என்று ஐந்து நட்சத்திரத்தோடு இருபது வரிகளைவிட, "எனக்குக் கணக்கு வராது, முதல் வாரம் திணறினேன், பிறகு பிடிபட்டது" என்று ஒருவர் எழுதிய ஒரு பத்தி அதிகம் விற்கும். படிக்கிறவர் தன்னைப் போன்ற ஆளைத் தேடுகிறார். அந்தக் கருத்தைத் தனிப் பக்கத்தில் ஒதுக்காமல், சந்தேகம் எழும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பொருளைத் திருப்பித் தரலாமா என்ற கேள்வி விலைக்கு அருகில்தான் எழும். திருப்பி அனுப்பும் விதி பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்து என்ன பயன்?

விலைக்கு வருவோம். இணைய அங்காடிகளின் பணம் கட்டும் வழிமுறையைப் பல ஆண்டுகளாக ஆராயும் பேமார்ட் நிறுவனம் திரட்டியிருக்கும் கணக்குப்படி, கூடையில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாக 70 சதவீதம் பேர் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். இதைக் கேட்டுப் பதற வேண்டாம். அதில் கணிசமான பகுதி சும்மா விலை பார்த்தவர்களும், அப்புறம் பார்க்கலாம் என்று போட்டு வைத்தவர்களும். அவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களிடம் காரணம் கேட்டால், அந்த ஆய்வுகளில் தொடர்ந்து முதலிடத்தில் நிற்பது கடைசியில் வந்து சேரும் கூடுதல் கட்டணங்கள்: அனுப்பும் செலவு, வரி, சேவைக் கட்டணம்.

தொகை பெரிதாக இருப்பதால் மட்டும் கோபம் வருவதில்லை. மறைத்து வைத்துக் கடைசியில் காட்டியதால் வருகிறது. ஒரு தளத்தில் அனுப்பும் செலவை ஒரு காசுகூடக் குறைக்காமல், பொருளின் விலைக்குக் கீழேயே "அனுப்பும் செலவு இவ்வளவு" என்று எழுதினோம். உரிமையாளருக்கு மனமே இல்லை. பார்த்தவுடன் ஓடிவிடுவார்கள் என்றார். கூடையில் போடுகிறவர்கள் உண்மையில் கொஞ்சம் குறைந்தார்கள். ஆனால் கூடையிலிருந்து கடைசி வரை போனவர்கள் கூடினார்கள், மொத்தத்தில் விற்பனை ஏறியது. விலையே போடாமல் "தொடர்பு கொள்ளவும்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேலையே வேறு என்கிற தொழிலென்றால் அதற்கு நியாயம் உண்டு; அப்போதும் "இவ்வளவிலிருந்து தொடங்கும்" என்று ஒரு வரி போடலாம். மற்றவர்கள் விலையை மறைப்பது போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான். போட்டியாளருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பணம் கட்டும் திரை கடைசிப் படி. இதில் பலரும் கவனிக்காத ஒரு விபத்து, சமூக ஊடகச் செயலிக்கு உள்ளேயே திறக்கும் உலாவி. விளம்பரத்தைத் தொட்டவருக்குத் தளம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டார், வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது. அதைப் பார்க்கச் செய்திப் பெட்டிக்குப் போகிறார். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது, கூடை காலி. வாங்கத் துடித்த ஒருவரை நாமே வெளியே தள்ளிவிடுகிறோம். கூடையில் உள்ளதையும் நிரப்பிய விவரங்களையும் உடனுக்குடன் சேமித்து வைத்தால், பக்கம் மறுபடி ஏறினாலும் எதுவும் தொலையாது. ஓடிபி கட்டம் நம் கையில் இருந்தால், கைபேசி அந்த எண்ணைத் தானாக எடுத்து விசைப்பலகைக்கு மேல் காட்டும்படி செய்யவும் முடியும்.

பணம் போய், ஆர்டர் உறுதியாகாமல் நிற்கும் நிலை அதைவிடக் கொடியது. அந்தக் கணத்தில் திரையில் "பிழை ஏற்பட்டது, மீண்டும் முயல்க" என்று மட்டும் இருந்தால் அந்த மனிதரின் வயிறு கலங்கும். மீண்டும் முயன்றால் இரண்டு முறை பிடித்துவிடுவார்களோ? அந்த ஒரு செய்தியை மாற்றி எழுதுவதற்காகவே சில தளங்களில் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். உங்கள் பணம் எடுக்கப்பட்டிருந்தால் எத்தனை நாளில் திரும்பும், இப்போது மறுபடி கட்டலாமா கூடாதா, யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்று விவரமும் அதில் இருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் இதைக் கடைசி நாளில் ஏதோ ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள்.

"பொத்தானின் நிறத்தை மாற்றிச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று இந்தக் கட்டத்தில் யாராவது கேட்பார்கள். வருகிறவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய வடிவத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் காட்டும் ஏ/பி சோதனை அருமையான முறைதான், கூட்டம் இருந்தால். நூற்றுக்கு 2 பேர் வாங்கும் தளத்தில், அது 2.4 ஆக உயர்ந்ததா என்று வழக்கமான புள்ளியியல் உறுதியோடு சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வடிவத்தையும் ஏறக்குறைய 20,000 பேர் பார்த்திருக்க வேண்டும். மாதம் 3,000 பேர் வரும் தளத்துக்கு இது ஓராண்டைத் தாண்டும் வேலை. அதற்குள் பருவம் மாறும், விலை மாறும், பொருளே மாறிவிடும். இரண்டாம் நாளே எட்டிப் பார்த்து, "புதியது 30 சதவீதம் முன்னிலை" என்று துள்ளிக் குதித்து நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. தற்செயலாக ஏறிய எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். கூகுள் ஆப்டிமைஸ் என்ற இலவசச் சோதனைக் கருவி 2023 செப்டம்பரில் மூடப்பட்டபோது, அதற்கு மாற்று என்ன என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மாற்றே தேவைப்படவில்லை.

சிறிய தளத்துக்கு வேறு வழி இருக்கிறது. உடைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தால் சோதிக்காமலே சரிசெய்யலாம். இனிஷியலை ஏற்காத படிவத்துக்கு எந்தப் புள்ளியியலும் வேண்டாம். தளத்தை அறியாத நாலைந்து பேரை உட்கார வைத்து, ஒரு பொருளை வாங்கச் சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். உரிமையாளர் பக்கத்தில் இருந்தால், "அதோ, அந்த மூலையில் பாருங்கள்" என்று விரல் நீட்டிவிடுவார். மாற்றம் செய்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரங்களோடு அதே கிழமைகளை ஒப்பிடலாம். அந்த நேரத்தில் விளம்பரத்தையோ விலையையோ தொடாமல் இருந்தால், துல்லியம் இல்லாவிட்டாலும் திசையாவது தெரியும்.

இன்னொரு பக்கம், குறுக்குவழிகள். "மூன்றே மூன்றுதான் மிச்சம்", பத்து நிமிடத்தில் முடியப்போகும் சலுகை, பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பத்து நிமிடம். முன்கூட்டியே குறியிட்டு வைத்த பெட்டி. "வேண்டாம், எனக்குச் சேமிப்பில் ஆர்வமில்லை" என்று நம்மையே சொல்ல வைக்கும் பொத்தான். இவற்றை 'டார்க் பேட்டர்ன்' என்று ஹாரி பிரிக்னல் 2010-ல் பெயர் சூட்டிப் பட்டியல் போடத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இவற்றுக்கு எதிராக விதிகளே வந்துவிட்டன. ஒரு வாடிக்கையாளர், எதிர் நிறுவனம் சலுகை முடிய எத்தனை நிமிடம் என்று காட்டும் கடிகாரத்தைத் தளத்தில் போட்டு விற்கிறது, எனக்கும் ஒன்று போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். போட மாட்டேன் என்றேன். வேறொருவரை வைத்துப் போட்டுக்கொண்டார். விற்பனை ஏறியது உண்மை. அவசரத்தில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியதும் சேர்ந்து ஏறியது. கடைசியில் கையில் நின்ற பணத்தைக் கணக்குப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால், அந்தக் கடிகாரம் நல்ல யோசனை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். சலுகை உண்மையிலேயே வெள்ளிக்கிழமை முடிகிறது என்றால் வெள்ளிக்கிழமை முடிகிறது என்று எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. சனிக்கிழமை அந்த விலை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்று வாங்காதவர் நாளை வாங்கலாம். விலை கூடிய பொருளென்றால் முதல் வருகையில் வாங்குவதே அபூர்வம். அவரைப் பிடித்து வைக்க, உள்ளே நுழைந்த நொடியே முகத்தில் அறைவது போல ஒரு பெட்டியைத் திறந்து மின்னஞ்சல் கேட்பதுதான் வழக்கமாகிவிட்டது. அவர் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்து முடிக்கும் இடத்தில், அவருக்கு நிஜமாகவே உதவும் ஒன்றைக் கொடுத்துக் கேட்கலாம். அந்த ஓவிய ஆசிரியை, தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று ஒரு பக்கப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினார். எதை வாங்கக் கூடாது என்ற பகுதிக்காகவே பலர் முகவரி கொடுத்தார்கள். கூடையில் விட்டுப் போனவருக்கு நினைவூட்டல் ஒன்று அனுப்பலாம், அவர் அதற்குச் சம்மதித்திருந்தால். ஒன்றே ஒன்று போதும். அதில் தள்ளுபடியைத் தூக்கிப் போட்டால், அடுத்த முறை எல்லோரும் தள்ளுபடி வரும்வரை கூடையில் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். "வாங்கும்போது ஏதாவது சிக்கல் இருந்ததா? இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள்" என்று கேட்பது விலை இல்லாதது, பதிலும் வரும்.

வாங்கி முடித்தவர் பார்க்கும் நன்றிப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு தளத்திலும் அதில் ஒரு காலிக் கட்டத்தை வைத்துவிடுகிறேன். மேலே ஆர்டர் எண், பொருள் எப்போது வரும், சிக்கல் என்றால் யாரை அழைப்பது. கீழே அந்தத் தயக்கக் கேள்வி, நட்சத்திரமோ மதிப்பெண்ணோ எதுவும் இல்லாமல். பாதிக்கு மேல் காலியாகவே கடந்து போகிறார்கள். மற்றவர்கள் எழுதுவதை மாதத்துக்கு ஒரு முறை அச்செடுத்து உரிமையாளருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திரையில் என்றால் அவர்கள் படிப்பதில்லை.